கண்டக்குழிப் பார்

கண்டக்குழிக் கரையில், ஃபைபர் படகுகளை இழுத்துப் போட்டிருக்கும் மணலுக்குப் பின்னால் ஒரு பலகை நிற்கிறது. டொல்பின் பார்க்கப் போக இவ்வளவு, 'பார் ரீஃப்' போக இவ்வளவு என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. அதே ஒழுங்கையில் கொஞ்சம் உள்ளே வந்தால் சுற்றுலா விடுதி ஒன்று. அதன் வாசலில் இன்னொரு சின்னப் பலகை: 'பார்'. முதலாவது, கடலுக்குள் கிடக்கும் பவளப் பாறைத் தொடர். இரண்டாவது, சாராயம் விற்கும் இடம். இரண்டுக்கும் அதே இரண்டெழுத்துத்தான்.

அன்று என்னோடு நின்றவர் எழுபதைத் தாண்டிய சுழியோடி. மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது குடும்பத்தோடு வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிப் பக்கம் வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். சங்கும் கடலட்டையும் எடுத்த கடல், அவருக்கு அங்கும் இங்கும் ஒன்றுதான்.

"காக்கா, கடலுக்குள்ள இருக்கிற அந்த இடத்துக்கு நீங்க என்ன பேர் சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

"பேரென்ன தம்பி, பார்தான். பாருக்குப் போறம், பாரில இருந்து வாறம்."

"இங்கிலீசிலயும் பார் எண்டுதானே போட்டிருக்கு?"

"அதத்தான் சொல்றன். எங்கட சொல்லத்தான் அவனும் எழுதி வச்சிருக்கான்."

அவருக்கு அது பேச்சுக்கே இடமில்லாத விஷயம். எனக்கு அது பல நாள் வேலையாகிவிட்டது.

ஆங்கிலத்தின் 'பார்' மிகச் சாதாரணமான சொல். பழைய பிரெஞ்சு வழியாக 12ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. அதற்குப் பின்னால் பிற்கால லத்தீன் வழக்கான 'பர்ரா' இருக்கிறது. முதற் பொருள் கதவையோ வழியையோ குறுக்கே அடைக்கும் கட்டை. இந்த ஒரு கட்டையிலிருந்துதான் அத்தனை கிளையும். கம்பி, தடை, தடுப்பு, கட்டி, கோடு எல்லாமே அதன் பிள்ளைகள்.

நம்மில் பலருக்கு இந்தச் சொல் முதலில் அறிமுகமானது பள்ளிக்கூடத்தில் அல்ல, சைக்கிளில். அப்பா சைக்கிளின் பாரில் ஒரு பழந்துணியை மடித்துச் சுற்றி, அதன்மேல் பிள்ளையைத் தூக்கி வைத்து மிதிப்பார். இருக்கைக்கும் கைபிடிக்கும் இடையில் ஓடும் அந்த இரும்புக் குழாய்க்குத் தமிழ்ச்சொல் என்னவென்று யாரும் தேடியதில்லை. காலையில் மீன்பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊருக்குள் போன மீன் வியாபாரி, மாலையில் மகளைப் பாரில் வைத்துத் திருவிழாவுக்குக் கூட்டிப்போவார். தலவில் புனித அன்னம்மாள் கோயில் ஓகஸ்ட் திருநாளுக்கு இப்படிப் போய்வந்த பிள்ளைகள் இந்தக் கரையில் எத்தனையோ பேர். ஒரு சொல் இரவல் என்பதையே மறந்து நாம் பேசினால், அது நமது சொல்லாகிவிட்டது என்றுதான் அர்த்தம்.

நீதிமன்றத்தில் அந்தக் கட்டை வேறு உருவம் எடுத்தது. நீதிபதி இருக்கும் பகுதியையும் மற்றவர் நிற்கும் பகுதியையும் பிரித்த குறுக்குத் தடுப்பு 'பார்'. அந்தத் தடுப்பருகே நின்று வழக்குரைக்கும் உரிமை பெற்றவர் 'பாரிஸ்டர்'. இலங்கையின் முத்துக்குமாரசுவாமி 1863இல் லண்டன் லிங்கன்ஸ் இன்னில் அந்த உரிமையைப் பெற்றார். அப்படிப் பெற்ற முதல் இந்து அவர். காந்தி 1891இல் பாரிஸ்டர் ஆனார். 1922இல் சிறைக்குப் போனபின் அவரது பெயரை வெட்டினார்கள். தமிழ்நாட்டில் 'பார் கவுன்சில்' என்ற சொல் இன்றும் நாளிதழில் தினமும் வருகிறது. ஈழத்தில் அந்த இடத்தில் வேறு சொற்கள் இருந்தன. ஒல்லாந்தர் விட்டுப்போன 'அப்புக்காத்து' ஒன்று, 'பிறக்கிறாசி' இன்னொன்று. 1974 தொடக்கத்தில் இரண்டு வகுப்பையும் ஒன்றாக்கி எல்லோரையும் சட்டத்தரணி ஆக்கினார்கள். எங்கள் பாட்டிமார் மட்டும் அதற்குப் பிறகும் அப்புக்காத்திடம்தான் போனார்கள்.

சாராயக்கடைப் 'பார்' வந்ததும் அதே கட்டையிலிருந்துதான். விற்பவருக்கும் குடிப்பவருக்கும் நடுவில் ஒரு பலகை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பலகையின் பெயர் கடைக்கே ஆகிவிட்டது. நமக்கு முன்பு இருந்தது போர்த்துக்கேய வழிவந்த 'தவறணை'. தென்னங்கள் விற்ற இடங்கள் இந்தப் புத்தளம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருந்தன, எல்லாம் தவறணைதான். சுற்றுலா விடுதிகள் வந்தபிறகுதான் கண்டக்குழியில் தவறணை பின்வாங்கிப் 'பார்' முன்னுக்கு வந்தது. இரண்டும் இரவற் சொற்களே. ஆனாலும் தவறணை போவதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்தச் சொல்லில் நானூறு வருஷத்துக் கரையோர வரலாறு இருக்கிறது.

இரும்புக் கம்பியும் அப்படித்தான். தமிழ்நாட்டில் நிலத்தைக் குத்திப் பெயர்க்கக் கடப்பாரை. இங்கே அதே கருவிக்கு 'அலவாங்கு', போர்த்துக்கேயரின் 'அலவங்கா' நம் வாயில் மாறிய வடிவம். ஆங்கிலத்தில் அதுவும் ஒருவகைப் பார். கடப்பாரையில் உள்ள 'பாரை'யைக் கேட்டதும் இரண்டையும் முடிச்சுப்போடத் தோன்றும். அந்தத் தூண்டில் இரையைக் கவ்வக்கூடாது. ஓசை ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது.

இதை ஒரு சுழியோடியின் கையிலுள்ள கருவியே காட்டும். இன்று சங்குக்கும் அட்டைக்கும் இறங்கும் இளைஞர்கள் முதுகில் சிலிண்டர் கட்டிப் போகிறார்கள். அதிலிருந்து வரும் குழாயின் நுனியில், கைக்கடிகாரத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்ட முகப்பு. கண்ணாடி கீறிப்போய், ஓரத்தில் உப்புப் படிந்திருக்கும். காற்று நிரப்பி வரும்போது முள் 200இல் நிற்கும். 50க்கு வந்தால் மேலே ஏற வேண்டிய நேரம். அந்த எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் அலகின் பெயரும் 'பார்'. கடலில் ஏறத்தாழ 10 மீட்டர் இறங்கினால் உடம்பின்மேல் ஒரு பார் அழுத்தம் கூடும், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வைத்தது போல. ஆனால் இந்தப் பாருக்கும் கட்டைக்கும் சம்பந்தமே இல்லை. இது கிரேக்க மொழியில் எடையைக் குறிக்கும் 'பாரோஸ்' தந்த சொல். பாரோமீட்டர் அதன் உடன்பிறப்பு.

தமிழ் வாசகர் உடனே 'பாரம்' என்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். தலைச்சுமை, பாரம், பார்: எவ்வளவு பொருத்தம்! ஆனால் பாரம் என்ற வடசொல் சுமத்தலைக் குறிக்கும் வேறொரு வேரில் பிறந்தது. கிரேக்க பாரோஸுக்கு உண்மையான வடமொழி உறவு, கேட்டால் நம்ப முடியாத ஒரு சொல்: 'குரு'. கனமானது என்பது அதன் மூலப்பொருள். ஓசையில் ஒட்டிக்கொண்டிருப்பது அந்நியம், ஓசையில் எட்ட நிற்பது உறவு. சொல்லாராய்ச்சி செய்பவருக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை கிடைக்காது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் முதியவரின் கூற்றுக்கு வருகிறேன்.

தமிழின் 'பார்' எதையெதைச் சுமக்கிறது? கண்ணால் பார் என்ற வினை எல்லோருக்கும் தெரியும். உலகம், நிலம் என்ற பொருள் மேடைப் பேச்சிலும் பாட்டிலும் இன்றும் புழங்குகிறது. கெட்டியான நிலம், பாறைப் படிவு என்ற பொருளை அகராதியும் கடற்கரையும் காப்பாற்றி வைத்திருக்கின்றன. இன்னொரு பொருள் வழக்கொழிந்து போனது: வண்டியின் பார். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் உமணரின் உப்பு வண்டி வருகிறது. வண்டியின் உடலைத் தாங்கும் நீண்ட பருத்த மரத்துக்கு அங்கே பார் என்று பெயர். அதற்குப் புலவர் சொல்லும் உவமை, வாயிற்கதவை உள்ளிருந்து அடைக்கும் கணையமரம். இங்கிலாந்துக்குள் பார் என்ற சொல் வருவதற்கு ஏறத்தாழ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், உப்பு விளையும் கரையைச் சேர்ந்த மக்களின் வண்டியில், தமிழ்ப் பார் ஒரு குறுக்குக் கட்டைக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறது. இதுவும் தற்செயல்தான். ஆனாலும் புத்தளத்து உப்பளங்களைக் கடந்து வரும்போதெல்லாம் அந்த வண்டி என் நினைவில் வராமல் போவதில்லை.

கடற்பொருளுக்கு வருவோம். மன்னார் வளைகுடா முழுவதும், கடலடியில் மணலுக்கு நடுவே கிடக்கும் கற்றரைக்குப் பார் என்றுதான் பெயர். முத்துச்சிப்பி ஒட்டி வளர்வது அதன்மேல். தூத்துக்குடிக் கடலில் தொளாயிரம் பார். இலங்கைப் பக்கம் செவல்பார், பெரியபார், கொண்டச்சிப் பார், வங்காலைப் பார். கேரளத்தின் தென்கோடி மீனவரும் தங்கள் மொழியில் 'பாரு' என்பார்கள். சிங்கள மீனவர் 'பர' என்றும் 'கல்பர' என்றும் சொல்வது இதற்கு எட்டாத ஓசை இல்லை. கரையில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நீர் எல்லா இடத்திலும் ஒரே நீர்தான். கோயில் கோபுரத்தையோ பள்ளிவாசல் மினாராவையோ ஒரு பனைமரத்தோடு நேர்க்கோட்டில் பிடித்து, பக்கவாட்டில் இன்னொரு அடையாளத்தைச் சேர்த்து, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் கல்லைப் போட்டு வள்ளத்தை நிறுத்துவார்கள். அங்கே கீழே பார் இருக்கும்.

1902இல் லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன், ஜேம்ஸ் ஹோர்னெல்லைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இலங்கைக்கு வந்தார். முத்துச்சிப்பி ஏன் சில வருஷம் விளைகிறது, சில வருஷம் மாயமாகிறது என்று அரசாங்கத்துக்குச் சொல்ல வந்தவர்கள் அவர்கள். 1903 முதல் 1906 வரை ஐந்து பாகமாக வெளிவந்த அவர்களது அறிக்கையில் இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. மொழிபெயர்க்காமல், பார் என்றே. அந்த ஆய்வு நடந்துகொண்டிருந்த 1905இல்தான் மரிச்சுக்கட்டியில் மிகப் பெரிய சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்தது. எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். சிலிண்டரும் இல்லை, அழுத்தமானியும் இல்லை. காலில் கல், இடுப்பில் கூடை, மேலே கயிறு பிடிக்க ஒருவர். ஐந்து முதல் பத்துப் பாக ஆழம். பத்துப் பாகம் என்றால் 18 மீட்டர், கிரேக்க அலகில் கிட்டத்தட்ட இரண்டு பார் கூடுதல் அழுத்தம். அதை ஒற்றை மூச்சில் தாங்கியவர்கள் கீழக்கரையிலிருந்தும் எருக்கலம்பிட்டியிலிருந்தும் வந்தார்கள். என்னோடு நின்ற முதியவர் அந்த வழியில் வந்தவர்.

இனி வழக்கு. கண்டக்குழிக்கு எதிரே உள்ள தொடரை ஆங்கில வரைபடம் அழைக்கும் பெயரில் முதற்பாதி ஆங்கிலக் கட்டையா, தமிழ்க் கல்லா?

கட்டை என்பவருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. தொடர் கரைக்கு இணையாக நீளமாகக் கிடக்கிறது, அலையைத் தடுக்கிறது. தடுப்பு என்ற பொருளில் பெயர் வைத்திருக்கலாம். முத்து அறிக்கைகளில் நம் சொல்லை ஆங்கிலேயர் 'ப' ஒலிக்குரிய எழுத்தில் சரியாகவே எழுதினார்கள், வரைபடத்தில் மட்டும் ஏன் அதன் மெல்லொலி எழுத்து வந்தது என்றும் கேட்கலாம்.

நான் முதியவர் பக்கம் நிற்கிறேன். ஆங்கிலக் கடலோடிக்குப் பார் என்றால் மணல், ஆற்றுமுகத்திலும் துறைமுக வாயிலிலும் சேறும் மணலும் குவிந்து கப்பலின் அடியைத் தட்டும் திட்டு. நம்மவர் அதைத் திட்டு என்றோ தீடை என்றோ சொல்வார்கள், பார் என்று சொல்லவே மாட்டார்கள். கண்டக்குழிக்கு எதிரே கிடப்பது கல்லும் பவளமும், அதுவும் திறந்த கடலில். பொருள் தமிழுக்கு அச்சாகப் பொருந்துகிறது, ஆங்கிலத்துக்கு இழுத்துப் பொருத்த வேண்டியிருக்கிறது. அடுத்தது, அக்கம்பக்கம். வடக்கே வளைகுடா நெடுகிலும் அதே வகைக் கடலடிக்குப் பார் என்று பெயர் இருக்க, இந்த ஒன்றுக்கு மட்டும் லண்டனிலிருந்து பெயர் வந்தது என்றால் அதற்குத்தான் ஆதாரம் கேட்க வேண்டும்.

எழுத்துச் சிக்கலும் பெரிதல்ல. 'பெரியபார்' என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் ப உதட்டில் மெலிந்து வெளியேறும். கேட்டு எழுதும் அந்நியர் மெல்லொலி எழுத்தையே போடுவார். இதே கரையின் பெரிய ஊருக்கு நேர்ந்ததும் இதுதான். 1344இல் இபின் பதூதா வந்திறங்கிய புத்தளம், 'ப' வல்லொலி இல்லாத அரபியில் மெல்லொலி பெற்று 'பத்தாலா' ஆயிற்று. அரபியிலும் பாரசீகத்திலும் நிலத்தையும் கரையையும் குறிக்கும் இன்னொரு 'பார்' உண்டு. மலையோடு அது சேர்ந்துதான் மலபார் பிறந்தது. ஒல்லாந்தரும் தொடக்ககால ஆங்கிலேயரும் இலங்கைத் தமிழையே மலபார் மொழி என்று எழுதினார்கள். நம் மொழியின் பெயரையே மாற்றி எழுதிய கைக்கு ஒரு கடற்கல்லின் முதலெழுத்தை மாற்றுவது பெரிய காரியமா?

அப்படியானால் அந்த ஆங்கிலப் பெயர் 'பார்ப் பார்' என்று ஆகிவிடுமே என்றால், ஆகட்டும். சகாரா என்றாலே அரபியில் பாலைவனங்கள்தான், அதன்மேல் உலகம் இன்னொரு பாலைவனத்தை ஏற்றிச் சொல்கிறது. ஏவன் என்றால் பழைய கெல்திய மொழியில் ஆறு, ஆங்கிலேயர் அதை ஏவன் ஆறு என்கிறார்கள். நாம் அரைஞாண் கயிறு என்கிறோம், ஞாண் என்றாலே கயிறு. மூத்த சொல்லின் பொருள் மறந்தபோது அதன் தோளில் இளைய சொல் ஏறி உட்காருவது எல்லா மொழியிலும் நடப்பது.

ஊர்ப்பெயருக்கும் இதே கதி. சிங்களத்தில் இந்த ஊர் 'கந்தகுலிய'. 'கந்த' என்றால் மலை. மணல் மேட்டைத் தவிர உயரமான எதையும் காணாத இந்தக் கரையில் மலைக்கு எங்கே போவது? நீரேரிப் பக்கம் இன்றும் கண்டல் நிற்கிறது. கண்டலும் குழியும் புணர்ந்தால் கண்டற்குழி, வாயில் உருண்டால் கண்டக்குழி. கண்டல் நின்ற பள்ளம் என்றே நான் இதை வாசிக்கிறேன். மேலே குழி, கடலுக்குள் பார். பள்ளத்தையும் கல்லையும் பார்த்த கண்கள் வைத்த பெயர்கள் இவை.

இந்தப் பக்கத்துப் பெயர்களை முதன்முதலில் ஆங்கில எழுத்தில் அகரவரிசைப்படுத்தியவர் வெளியாள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமது 27ஆம் வயதில், 1834இல், இலங்கை முழுவதற்குமான இடப்பெயர்த் தொகுப்பை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் எழுதியவரும் அவரே. கற்பிட்டிச் சந்தியில் அவருக்கு ஒரு சிலை வைப்பதைவிட அவர் பார்த்த வேலையைத் தொடர்வது நல்லது. கரைகளுக்குப் பெயர் தொகுத்தார் அவர். கடலடியின் பெயர்களைத் தொகுக்க வேண்டியவர்கள் நாம்; முதியவரைப் போன்றவர்கள் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே.

1992இல் ஏறத்தாழ 307 சதுர கிலோமீட்டர் கடலைச் சரணாலயமாக அறிவித்தபோது, ஆங்கிலப் பெயரே அரசுப் பெயராக நிலைத்தது. ஆய்வாளர்கள் அங்கே 156 வகைப் பவளத்தையும் 283 வகை மீனையும் கணக்கெடுத்தார்கள். 1998இல் கடல் சூடேறி, ஆழம் குறைந்த பகுதியின் பவளம் பெரும்பாலும் வெளுத்துச் செத்தது. மெல்ல மெல்லத் திரும்பி வந்ததை 2016இல் மறுபடியும் வெப்பம் தாக்கியது.

"98ல இறங்கினபோது பார் கபன் துணி மாதிரி இருந்தது தம்பி," என்றார் முதியவர். "பாரை மீனெல்லாம் எங்க போச்சுதெண்டே தெரியாது. கல்லு நிக்குது, உசிர் இல்ல."

படகுக்கார இளைஞன் பலகையை இறக்கி வைத்திருந்தான். கச்சான் காற்று ஓய்ந்து, ஆட்கள் வரும் காலம் தொடங்கப் போகிறது. உப்புக் காற்றில் எழுத்து உரிந்துபோயிருந்தது. ரீஃபை விட்டுவிட்டுப் பார் என்று மட்டும் எழுதினால் என்ன என்று கேட்டேன். அவன் விடுதிப் பக்கம் கையைக் காட்டினான்.

"வெறும் பார் எண்டு போட்டா, நான் சாராயம் விக்கிறன் எண்டு சனம் நினைக்கும், அண்ணன்."

நியாயம்தான். எனக்குப் பதில் வரவில்லை. முதியவர் மணலில் குந்தியிருந்தபடியே சொன்னார்:

"மகன், ஊர்ப் பேரைச் சேர்த்துப் போடு. கொண்டச்சிப் பார், வங்காலைப் பார் எண்டு நாங்க அப்பிடித்தானே சொன்னம்."

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு பெயின்ட் டின்னைத் திறந்து, குச்சியால் கிண்டி, 'க' என்று தொடங்கினான்.